ரைட் இன், லெஃப்ட் இன், ஸ்டானிஸ்லாஸ்

ராயபுரத்தில் இரண்டு கட்சி உண்டு. தேர்தலில் நிற்கிற கட்சியைச் சொல்லவில்லை. ஸ்டானிஸ்லாசுக்கு நியாயமான வாய்ப்புக் கொடுத்தார்கள் என்பது ஒரு கட்சி, கொடுக்கவே இல்லை என்பது இன்னொரு கட்சி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதோ, மீன் வாங்கப் போன இடத்திலோ இந்தப் பேச்சு கிளம்பினால் சீக்கிரத்தில் ஓயாது. கடைசியில் இரண்டு கட்சிக்காரர்களும் என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லு இருதயம்" என்பார்கள். நான் அவருடைய பெண்டாட்டி. கல்யாணமான நாளிலிருந்து அவருடைய கரி படிந்த காலுறைகளைத் துவைக்கிறவள். எனக்கில்லாத உரிமை வேறு யாருக்கு? அதனால் ஒருமுறை உட்கார்ந்து முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அதற்குமேல் என்னை யாரும் கேட்கக் கூடாது.

முதலில் மைதானம். மைதானம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கூட்ஸ் வண்டி நிற்கும் யார்டுக்கும் பழைய உப்புக் கிடங்குக்கும் நடுவில் கிடந்த பொட்டல் அது. கரித்தூளும் கடல் மணலும் கலந்த தரை. மேற்கே ரயில்வே வேலி. கிழக்கே கிடங்கின் நீண்ட செங்கல் சுவர். ஹாக்கிக்கு வேண்டிய அகலம் அங்கே கிடையாது. மேற்கில் எப்படியோ ஒரு கோடு போட்டுவிட்டார்கள். கிழக்கில் கோடு போட இடமில்லாததால் சுவரே கோடு. பந்து சுவரில் பட்டால் வெளியே போனதாகக் கணக்கில்லை, ஆட்டம் நிற்காது. இது எங்கள் பேட்டைச் சட்டம். வெளியிலிருந்து வரும் அணிகள் இதைக் கேட்டு முதலில் சண்டை போடும், பிறகு ஆடித் தோற்கும், தோற்றபின் மறுபடி சண்டை போடும்.

சுவருக்கு அந்தப் பக்கம் கிடங்கில் வேலை செய்தவர்களுக்காகக் கட்டிய லைன் வீடுகள். அதில் ஒன்றில் நானும் என் அம்மா வியாகுலம்மாளும் இருந்தோம். எங்கள் அடுப்படி அந்தச் சுவரை ஒட்டித்தான். சாயங்காலம் ஆனால் போதும், தொம் தொம்மென்று சத்தம் கேட்கும். பலகையில் கவிழ்த்து வைத்த சட்டியெல்லாம் குதிக்கும். ஒருநாள் கொதிக்கிற குழம்பில் சுண்ணாம்புக் காரை உதிர்ந்து விழுந்தது. வஞ்சிரம் போட்ட குழம்பு. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கரண்டியோடு கிடங்கைச் சுற்றிக்கொண்டு மைதானத்துக்கே போய்விட்டேன்.

"யாருய்யா அது, சுவத்த இடிக்கிறது?"

ஆடிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே ஆளைக் கை காட்டினார்கள். ஒல்லியாக, முழங்கால் வரை கரி பூசிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றார் அந்த ஆள்.

"இடிக்கல. பாஸு குடுக்கிறேன்" என்றார்.

"சுவத்துக்கா?"

"ஆமா. மன்சனாண்ட குடுத்தா எங்கனா அட்ச்சிடுறான். சுவரு கரீட்டா திருப்பிக் குடுக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். நான் கரண்டியை ஓங்கினேன். "எங்க கொழம்புல காரை வுய்ந்து கீது. அத்த நீ வந்து துன்றியா?"

"கூப்ட்டா வர்றேன்" என்றார்.

அம்மா நிஜமாகவே கூப்பிட்டுவிட்டாள். அந்தக் காரை விழுந்த குழம்பை அவர் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டார். பெயர் ஸ்டானிஸ்லாஸ், ஹார்பரில் சரக்கு ஏற்றி இறக்கும் வின்ச் ஓட்டுகிறார், அப்பா அம்மா இல்லை என்று அம்மா விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அடுத்த வருஷம், 1963இல், எங்கள் கல்யாணம். அதன்பிறகு தொம்மென்ற சத்தம் கேட்டால் அவர் வேலையிலிருந்து வந்தாயிற்று என்று நான் உலை வைப்பேன்.

இனி அவர் ஆட்டத்தைச் சொல்கிறேன். ஹாக்கி தெரியாதவர்களுக்காகவும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் கல்யாணத்துக்கு முன் தெரியாது. அந்நாளில் முன்வரிசையில் ஐந்து பேர் ஆடுவார்கள். நடுவில் ஒருவர், இரண்டு ஓரத்தில் இருவர். நடுவுக்கும் வலது ஓரத்துக்கும் இடையில் ஆடுகிறவர் ரைட் இன், இடது பக்கம் அதே இடத்தில் ஆடுகிறவர் லெஃப்ட் இன். ஹாக்கி ஸ்டிக்கின் ஒரு முகம்தான் தட்டை. அதனால் வலப்பக்கம் சுலபமாக ஆடுகிறவர்கள் இடப்பக்கம் போனால் தடுமாறுவார்கள். இது உலகம் முழுக்க உள்ள வழக்கம். ராயபுரத்தில் மட்டும் வேறு வழக்கம்.

எங்கள் ஆள் சுவரோடு சேர்ந்து ஆடிப் பழகியவர். எதிராளி முன்னால் வந்தால் பந்தைச் சாய்வாகச் சுவரில் அடிப்பார், எதிராளியை மறுபக்கமாகச் சுற்றி ஓடுவார், திரும்பி வருகிற பந்தை அந்தப் பக்கம் நின்று வாங்கிக்கொள்வார். எதிராளி இன்னும் பழைய இடத்திலேயே நின்று தரையில் பந்தைத் தேடுவான். காசிமேட்டுப் பக்கம் பார்த்து ஆடும்போது சுவர் வலப்பக்கம் இருக்கும். பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறினால் சுவர் இடப்பக்கம் போய்விடும். சுவரை விட்டு இவர் எப்படி ஆடுவார்? அதனால் ஹாஃப் டைம் முடிந்ததும் இவர் ரைட் இன்னிலிருந்து லெஃப்ட் இன்னுக்கு நடந்து போய்விடுவார். அங்கே ஆடிக்கொண்டிருந்த ஷாகுல் ஹமீது இவர் இடத்துக்கு வந்துவிடுவார். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஷாகுல் ஹமீது இவருடைய தோஸ்து. வண்ணாரப்பேட்டையில் மாமாவின் கயிற்றுக் கடையில் இருந்தார். ரொம்பப் பேசாத மனிதர். எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம் மட்டும் பேசுவார், அதுவும் நெத்திலியைப் பற்றி. இந்த இரண்டு பேரும் எப்போது இடம் மாறினார்கள் என்று எதிரணிக்குப் புரிவதற்குள் எங்கள் சவேரியார் லெவன் இரண்டு கோல் போட்டிருக்கும்.

1965இல் மாநில அணிக்கு ஆள் பொறுக்குகிறவர்களில் ஒருவர் எங்கள் பக்கம் வந்தார். சங்கரநாராயணன் என்று பெயர். வங்கியில் பெரிய உத்தியோகம், வெள்ளைப் பேன்ட்டும் தொப்பியும். வண்டி கிடைக்காமல் தாமதித்து வந்து, முதல் பாதியின் கடைசிக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். அதற்குள் ஸ்டானி ஒரு கோல் போட்டுவிட்டார். "இந்த ரைட் இன்னை எழும்பூர் மைதானத்துக்கு அனுப்புங்கள், தேர்வு ஆட்டத்தில் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, இடைவேளையிலேயே கிளம்பிவிட்டார். ஹமீதை அவர் கண்ணாலும் பார்க்கவில்லை.

எழும்பூருக்குத் தெருவே கிளம்பியது. அம்மா வெற்றிலைப் பையோடு வந்தாள். கல்மண்டபத்தில் பஸ் ஏறியபோது கண்டக்டர், "இன்னா, கல்யாணமா?" என்று கேட்டார். ஆமாம் என்றே சொன்னோம்.

அங்கே புல்லைப் பார்த்ததும் ஸ்டானி குனிந்து தடவிப் பார்த்தார். அதோடு நின்றுவிட்டார். மைதானத்தைச் சுற்றியும் ஒருமுறை பார்த்திருக்கலாம் என்பதுதான் என் குறை. ஆட்டம் தொடங்கியது. முதல் பந்து வந்ததும் அழகாக வாங்கினார், எதிராளி வந்தான், இவர் பந்தை வலப்பக்கம் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு எதிராளியைச் சுற்றி ஓடினார். ஓடிப்போய் நின்று, பந்து வரும் என்று ஸ்டிக்கை நீட்டிக் காத்திருந்தார். பந்து எப்படி வரும்? அது கோட்டைத் தாண்டி, ஜனங்களைத் தாண்டி, வேர்க்கடலைக்காரர் கூடையில் போய் விழுந்தது.

எல்லாரும் ஏதோ கைதவறிவிட்டது என்று நினைத்தார்கள். எங்கள் தெருக்காரர்களுக்கு மட்டும் தெரியும். அம்மா வாயில் வெற்றிலையோடு, "ஐயோ மாதாவே, சுவரு இல்லியே!" என்று கத்தினாள். இரண்டாவது பந்தும் அப்படியே போனது. மூன்றாவது போனபோது வேர்க்கடலைக்காரர் கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போனார். மைதானமே சிரித்தது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

இடைவேளை முடிந்து பக்கம் மாறினார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? பழக்க தோஷத்தில் நேராக நடந்து லெஃப்ட் இன்னுக்குப் போய் நின்றுகொண்டார். அங்கே வேலப்பன் என்று ஒரு கல்லூரி மாணவர் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தார். "நைனா, நீ அந்தாண்ட போ" என்று இவர் சாதாரணமாகச் சொல்ல, ஏதோ மேலிடத்து உத்தரவு போலிருக்கிறது என்று அந்தப் பிள்ளையும் போய்விட்டது. இடது ஓரத்தில் தண்டையார்பேட்டை ஜஹாங்கீர் என்று ஒரு பையன். ஸ்டானிக்கு அதற்குள் புத்தி வந்திருந்தது. ஜஹாங்கீரிடம் போய், "நான் அட்ச்சா நீ நிறுத்தாத. வந்த வேகத்துல அப்டியே எனக்குத் திருப்பு. நீதான் சுவரு" என்றார். அந்தப் பையனும் சுவராகவே இருந்தான். அதன்பிறகு சிரித்த ஜனங்கள் எழுந்து நின்றார்கள். ஒரு கோல், அப்புறம் இன்னொன்று, இரண்டாவது கோலில் கோல் காக்கிற கோலி மல்லாந்து கிடந்தார்.

ஆட்டம் முடிந்ததும் சங்கரநாராயணன் கூப்பிட்டார். "உன்னை யார் இடப்பக்கம் போகச் சொன்னது?"

"ஹாஃப் டைம் ஆய்டுச்சே சார்" என்றார் எங்கள் ஆள். இது போதாதா விளக்கம் என்ற முகத்தோடு.

அணி அறிவித்தார்கள். ஸ்டானிஸ்லாஸ், ரிசர்வ். காரணத்தையும் சங்கரநாராயணனே பாராட்டாகச் சொன்னார். "பாருப்பா, வழக்கமா ரைட் இன்னுக்கு ஒரு ரிசர்வ், லெஃப்ட் இன்னுக்கு ஒரு ரிசர்வ் கூட்டிப் போவோம். நீ ரெண்டும் ஆடற. உன் ஒருத்தனைக் கூட்டிப் போனா ஒரு ரயில் டிக்கெட் மிச்சம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பக்கமும் ஆடத் தெரிந்தவனை உள்ளே இறக்குவார்களா, உட்கார வைப்பார்களா? ஒரு பக்கம் மட்டும் தெரிந்தவர்கள் ஆடினார்கள், இரண்டும் தெரிந்தவர் பெஞ்சில். அந்த நாளில் ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆள் மாற்றவும் முடியாது. யாருக்காவது கால் உடைந்தால் பத்துப் பேரோடு ஆட வேண்டியதுதான். ரிசர்வ் என்றால் ஆட்டத்துக்கு முன்பே யாராவது படுத்தால்தான் உண்டு. ரைட் இன்னில் ஒரு போலீஸ்காரர், லெஃப்ட் இன்னில் அதே வேலப்பன். இரண்டு பேரும் நல்ல ஆட்டக்காரர்கள், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் அவர்களுக்கு ஒரு தும்மல்கூட வராது.

அப்படியே மூன்று வருஷம். ஜபல்பூர் போனார், போபால் போனார், கல்கத்தா போனார். இடைவேளையில் ஆரஞ்சுச் சுளை கொடுப்பார், தண்ணீர் கொடுப்பார், ஸ்டிக்குகளைத் துடைத்து வைப்பார். திரும்பி வந்து எனக்கு அந்த ஊர்களின் கதையெல்லாம் சொல்வார். ஜபல்பூரில் பாறை வெள்ளையாக இருக்குமாம். ஆடினாயா என்று மட்டும் நான் கேட்க மாட்டேன், முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்று நினைத்தால் முகம் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கும்.

"இன்னாய்யா, உனக்கு சூடு சொரண இல்லியா? அவங்களுக்கு ஆரஞ்சு உரிக்கத்தான் போறியா?" என்று ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"ரெண்டு பேரு வேலய எனக்கு ஒர்த்தனுக்குக் குடுத்துகிறாங்கோ இருதயம். நம்பிக்க இல்லாம குடுப்பாங்களா?"

இந்த மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? அந்தோணியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை தோறும் மெழுகுவத்தி ஏற்றினேன். இவர் ஒரே ஒரு ஆட்டம், முழுசாக, ஆட வேண்டும். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

1968இல் போட்டி மதராசிலேயே நடந்தது. இவருக்கு முப்பது தாண்டியாயிற்று. அடுத்த வருஷம் இளம் பிள்ளைகளை எடுக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். கால் இறுதியில் மதராஸ் ஜெயித்தது, ஆனால் போலீஸ்காரருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அரை இறுதி வெள்ளிக்கிழமை மாலை. அன்று காலையில் வேலப்பனுக்கு நல்ல காய்ச்சல். ரைட் இன்னும் இல்லை, லெஃப்ட் இன்னும் இல்லை. இரண்டுக்கும் சேர்த்து ரிசர்வ் ஒரே ஒரு ஆள். டிக்கெட் மிச்சம் பிடித்தவர்களுக்கு அன்றைக்குத்தான் விஷயம் உறைத்தது. நான்தான் செய்வினை வைத்தேன் என்று தெருவில் இன்றைக்கும் கேலி பேசுகிறார்கள். மெழுகுவத்தி ஏற்றியது உண்மை. ஆனால் நான் ஒருத்தர் தலைவலிக்கு மேல் மனதால்கூட நினைக்கவில்லை.

பகல் பதினோரு மணிக்கு எங்கள் லைன் வீட்டு வாசலில் டாக்சி வந்து நின்றது. சங்கரநாராயணன் இறங்கினார். தொப்பி கையில் இருந்தது.

"ஸ்டானிஸ்லாஸ், உனக்கு வேளை வந்துடுச்சு. நீ லெஃப்ட் இன். ரைட் இன்னுக்கு ஒரு காலேஜ் பையனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன். உள்ளூர் அணிங்கறதால ஆட்டத்துக்கு முன்னாடி ரெண்டு பேர் வரைக்கும் சேர்த்துக்கலாம்னு விதி இருக்கு. கிளம்பு."

நான் உள்ளே ஓடி இவருடைய சட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் இவர் இன்னும் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"சார், ரைட் இன்னுக்கு ஹமீது வரட்டும்."

"யார் ஹமீது?"

"என் தோஸ்து. நான் இந்தாண்ட வந்தா அவன் அந்தாண்ட போவான். எங்க ரெண்டு பேருக்கும் அப்டித்தான் ஆட வரும். அவன் இருந்தா மேட்ச் நம்மது."

"அவனை நாங்க பார்த்ததே இல்லையேப்பா!"

"அதான் சார் நானும் சொல்றேன்."

சங்கரநாராயணன் முகம் சிவந்துவிட்டது. "மூணு வருஷம் காத்திருந்து கிடைச்சிருக்கு. இப்ப நிபந்தனை போடறியா? அந்தக் காலேஜ் பையனோட இன்னொரு பையனையும் கூப்பிட்டா என் வேலை முடிஞ்சது, தெரியுமில்ல?"

ஹமீது நல்லவர்தான், எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரிதான். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு ஹமீதும் வேண்டாம், யாரும் வேண்டாம் என்றுதான் இருந்தது. "யோவ், வண்டில ஏறுய்யா! பேஜாரு பண்ணாத" என்று கத்தினேன்.

ஸ்டானி என்னைப் பார்த்தார். சிரிப்பு இல்லாமல் அவர் முகத்தை நான் பார்த்தது அபூர்வம். "எனக்கு மூணு வருசமா பெஞ்சாவது கெட்ச்சுது இருதயம். அவனுக்கு இன்னா கெட்ச்சுது?" என்றார்.

கையிலிருந்த சட்டையை அவர் தோளில் போட்டேன். சங்கரநாராயணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், கடைசியில் பெருமூச்சு விட்டு டாக்சிக் கதவைத் திறந்தார். "அவன் எங்கே இருப்பான்?"

வெள்ளிக்கிழமை மதியம் ஹமீது எங்கே இருப்பார்? வண்ணாரப்பேட்டைப் பள்ளிவாசலில் ஜும்மாவில் இருந்தார். தொழுகை முடிகிறவரை மதராஸ் மாநிலத் தேர்வாளர் வெளியே டாக்சியில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். முன் சீட்டில் ஸ்டானி, பின்னால் நானும் அம்மாவும். எங்களை யாரும் வரச் சொல்லவில்லை, நாங்களாகவே ஏறிக்கொண்டோம். அம்மா அவரிடம் வெற்றிலைப் பையை நீட்டினாள். பாவம், அவரும் ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டார். ஹமீது வெளியே வந்ததும் ஸ்டானி சன்னலில் தலையை நீட்டி, "குந்து மாமு, மேட்ச்சு கீது" என்றார். எந்த மேட்ச் என்றுகூடக் கேட்காமல் ஹமீது ஏறிக்கொண்டார். எழும்பூர் நெருங்கும்போதுதான் மெதுவாக, "யாரோட?" என்று கேட்டார். சொன்னோம். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வடக்கத்தி அணி அது. ஆறடிக்குக் குறைந்தவர் ஒருத்தரும் இல்லை. நாங்கள் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். முதல் பாதியில் ஸ்டானி ரைட் இன், ஹமீது லெஃப்ட் இன். பதிவு செய்தது வேறு மாதிரி, இவர்கள் தாங்களாகவே அப்படி நின்றுகொண்டார்கள். ஸ்டானியின்மேல் ஒரு நெட்டை ஆள் ஒட்டிக்கொண்டே அலைந்தான். இவர் போகிற இடமெல்லாம் அவன். இவர் தண்ணீர் குடிக்க நின்றபோதும் பக்கத்தில் அவன் நின்றான். ஆனாலும் இவர் பந்தை இழக்கவில்லை. ஒருமுறை மூன்று பேர் நடுவே புகுந்து வெளியே வந்தபோது எனக்குப் பின்னால் யாரோ பெரியவர், "யாருய்யா இது? இத்தனை நாள் எங்கே வச்சிருந்தாங்க?" என்று கேட்டார். பெஞ்சில் வைத்திருந்தார்கள் என்று திரும்பிச் சொன்னேன்.

இடைவேளை முடிந்தது. ஸ்டானி இடப்பக்கம் நடந்தார், ஹமீது வலப்பக்கம் நடந்தார். சங்கரநாராயணன் தலையில் கை வைத்துக்கொண்டார். எங்கள் தெருக்காரர்கள் விசில் அடித்தார்கள். இத்தனை நேரம் ஸ்டானியை ஒட்டிக்கொண்டிருந்த நெட்டை ஆள் பழைய இடத்தில் ஹமீதைப் பார்த்து விழித்தான். எதிர்ப்பக்கம் ஸ்டானியைப் பார்க்க வேண்டியவன் முதல் பாதியில் அமைதியான ஹமீதையே பார்த்துப் பழகியிருந்தான். அவர்கள் இந்தியில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருக்கும்போதே ஹமீது பந்தைக் குறுக்கே தள்ளினார், ஸ்டானி ஓட்டத்திலேயே வாங்கி வலைக்குள் போட்டார். சமம். அம்மா பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத போலீஸ் இன்ஸ்பெக்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது கோலை இன்னும் என் கண்ணில் வைத்திருக்கிறேன். ஸ்டானி பந்தோடு கோலுக்கு முன்னாலிருக்கிற வட்டத்துக்குள் போய்விட்டார். கோலி முன்னால் ஓடி வந்தார். இவரே அடிக்கலாம். அடித்தால் கோல், மறுநாள் பத்திரிகையில் இரண்டு கோல் போட்ட ஸ்டானிஸ்லாஸ். இவர் அடிக்கவில்லை. பார்க்காமலே வலப்பக்கம் தட்டினார். அங்கே ஹமீது இருப்பார் என்று அவருக்குத் தெரியும், இருந்தார். காலி வலை. ஹமீது மெள்ளத் தள்ளிவிட்டு, ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி நடுவரைத் திரும்பிப் பார்த்தார். கோல்தான் என்று விசில் ஊதியபிறகு அந்த ஊமை மனிதர் போட்ட கூச்சலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டுக்கு ஒன்று. மதராஸ் இறுதி ஆட்டத்துக்குப் போனது. சங்கரநாராயணன் ஓடி வந்து இரண்டு பேரையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். போலீஸ்காரரின் கணுக்கால் வீக்கம் இறங்கிவிட்டது. வேலப்பனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ரைட் இன் போலீஸ்காரர், லெஃப்ட் இன் வேலப்பன். "அணி அமைப்பைக் கலைக்கக் கூடாதில்லையா" என்றார் சங்கரநாராயணன். நான் நம்பவில்லை. ஒலிபெருக்கியில் பதினோரு பெயரையும் வாசித்து முடித்தபிறகும், பன்னிரண்டாவதாக ஏதாவது வாசிப்பார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடைவேளையில் ஸ்டானி ஆரஞ்சுக் கூடையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் போனார். கூடையின் மறுபக்கக் கைப்பிடியை ஹமீது பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் போனார்கள்.

மதராஸ் ஒரு கோலில் ஜெயித்தது. ஜெயித்துத் தொலைத்ததால் யாரையும் குறை சொல்லவும் வழியில்லை. கொடுத்தார்கள் கட்சிக்காரர்கள் இதைத்தான் இன்றைக்கும் என் வாயை அடைக்கச் சொல்கிறார்கள். ஒரு ஆட்டம் கொடுத்தார்களே, கோப்பையும் வந்ததே, இன்னும் என்ன என்று.

கோப்பையோடு போட்டோ எடுத்தார்கள், ஓரத்தில் இவர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். வெயில் தாழ்ந்தபிறகு நாங்கள் பஸ் பிடித்தோம். ஹமீது வண்ணாரப்பேட்டையில் இறங்கிக்கொண்டார். கல்மண்டபத்தில் நாங்கள் இறங்கினோம். அம்மா முன்னால் நடந்தாள், வழியில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் வெள்ளிக்கிழமை ஆட்டத்தை மறுபடி சொல்லிக்கொண்டே போனாள். நாங்கள் பின்னால் வந்தோம். நான் அன்றைக்கு முழுக்கச் சேர்த்து வைத்திருந்த வசவுகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். முதலில் சங்கரநாராயணனை, அப்புறம் வேலப்பனின் காய்ச்சலை, கடைசியில் இந்த மனிதரின் சிரிப்பை.

மீன் மார்க்கெட் திருப்பத்தில் அவர் நின்றார்.

"இருதயம்."

"இன்னா?"

"வெள்ளிக்கிழம நான் நல்லாத்தான ஆடினேன்?"

அவர் சிரிக்கவில்லை. கேலியாகவும் கேட்கவில்லை. நான் என்ன சொல்வேனோ என்று நிஜமாகவே பயந்து நின்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷமாகப் பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்த மனிதருக்குத் தான் அந்த ஆட்டத்துக்கு லாயக்கா இல்லையா என்பதே தெரியாது. யாரும் அவருக்குத் தெரியவிடவில்லை. எங்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டே, உள்ளுக்குள் இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஜபல்பூருக்கும் கல்கத்தாவுக்கும் போய் வந்திருக்கிறார்.

நான் சேர்த்து வைத்திருந்த வசவு ஒன்றும் வாயில் வரவில்லை. நடுத்தெருவில், ஜனங்கள் போய்வந்துகொண்டிருக்க, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த மைதானத்துல உன்ன மாரி ஒர்த்தனும் ஆடலய்யா. நான் கண்ணால பாத்தேன்."

"மெய்யா சொல்றியா?"

"மாதா மேல சத்தியமா."

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச தூரம் நடந்தபிறகு, "நானும் அப்டித்தான் நென்ச்சேன்" என்றார். அப்புறம் வீடு வரும் வரைக்கும் அழுதார், நானும் அழுதேன். வாசலில் வந்து நின்ற அம்மா, யார் செத்துப் போனது என்று கேட்டாள்.